எதிரே நின்ற கமெரா

பெப்ரவரி 11, செவ்வாய்

எட்வேர்ட் அண்ணை படம் எடுப்பதைப் படம் எடுக்க வந்து இன்றோடு பதினெட்டு நாள். மனுசன் 'அக்சன்' சொல்வதில்லை. இருமுவார், அதுதான் தொடக்கம். இன்று உண்மையாகவே இருமல் வந்து, படகை இரண்டு முறை வீணாகத் தள்ளினார்கள். கதைப்பிரதி இல்லை, அனுமதிக் கடிதம் இல்லை. தன் வான் வண்டியை விற்றுக் கமெரா வாங்கியவர். "கடிதம் கேட்டா ஏலாது எண்டுவாங்கள். கேக்காட்டி ஆர் மறிக்கிறது?" என்கிறார். எரிச்சல் வருகிறது. ஒருநாள் நானும் இப்படி எடுக்க வேண்டும் என்று ஆசையும் வருகிறது.

பெப்ரவரி 14, வெள்ளி

மயிலிட்டிக்கு அங்கால் கரையில் மீன் வெட்டும் மகாதேவி அக்கா இன்று வாய் திறந்தார். மீன் படகில் கஞ்சாப் பொதிகள் இறங்கியதைக் கண்டவர். படகு மார்க்கண்டு முதலாளியுடையது என்றும் சொன்னார்.

"முகம் தெரிஞ்சா என்னை உயிரோடை விடமாட்டாங்கள், தம்பி."

"முகம் வராது அக்கா. கர்த்தர் சாட்சி," என்றார் அண்ணை.

சொன்னபடியே அண்ணை அவரின் முதுகுப் பக்கம் நின்று, வெட்டும் கைகளை மட்டும் எடுத்தார். எடுக்கும்போது அண்ணைக்குக் கண் கலங்கியது. அதை விடக்கூடாது என்று நான் அவர்கள் இருவருக்கும் எதிரே போய் நின்று எடுத்தேன். இவ்வளவு நல்ல காட்சி எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

பெப்ரவரி 18

மார்க்கண்டு வந்தார். சிரித்த முகம். எல்லோருக்கும் சோடா. "ஆரோ கமெராவிலை கதைச்சிருக்கினமாம். எடுத்ததைத் தாங்கோ, இல்லாட்டிக் கடைசிக் காட்சிக்குப் படகில்லை." அண்ணை ஏன் மறுக்கவில்லை? என்னால் சோடாவைக் குடிக்க முடியவில்லை.

பெப்ரவரி 20

என் மெமரி காட் பெட்டியைக் காணவில்லை. அண்ணையிடம் கேட்டேன்.

"உன்ரை பெட்டியைத்தான் மார்க்கண்டரிட்டைக் குடுத்திட்டன். என்ரை படம் தப்பிச்சுது, தக்சாயினி. என்ரையிலை அக்காவின்ரை முகமும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாத்திப்போட்டன்."

"ஐயோ, என்ரையிலை இருக்கே!"

தெரியாமல் கொடுத்தாரா? தெரிந்தேதானா? படுபாவி, நீயெல்லாம் ஒரு மனுசனோ எண்டு கத்தினன். படகுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்துவிட்டார். கடைசிக் காட்சிக்கான ஏழு படகும் நேரத்துக்கு வந்திருந்தன.

பெப்ரவரி 21

நேற்றே அக்காவை எச்சரிக்கப் போயிருக்க வேண்டும். கால் வரவில்லை — பயம்.

இன்று போனபோது மகாதேவி அக்கா உடுப்பு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். விடிய இரண்டு பேர் வந்து, போனில் அவரின் முகத்தைக் காட்டிவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் போனார்களாம். கொடிகாமத்தில் தங்கச்சி வீடாம். அங்கேயும் எத்தனை நாளைக்கு?

எட்வேர்ட் அண்ணைதான் கொடுத்தார், நானில்லை என்று அழுதேன். அக்கா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தத் தம்பியிட்டை முகம் வேண்டாமெண்டு கேட்டனான். உன்னட்டை ஒண்டும் கேக்கேல்லை, பிள்ளை. நீ அவரின்ரை ஆள் எண்டு நினைச்சன்."

ஓட்டோ வந்தது. மூட்டையைத் தூக்கக் கை கொடுத்தேன். வேண்டாம் என்று தானே ஏற்றினார்.