பாடு நாளும் கொடுக்காத மாத்திரையும்

பிப். 9, திங்கள்

பனி. ஏரிப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்காரர் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய் ஆறு நாள். ஆம்பளை வார்டில் பெண்கள் தங்கக் கூடாதாம். துணைக்கு என் தம்பி ஏழுமலை. இங்கே நான் மட்டும். ஒருத்திக்குக் குழம்பு வைக்கத் தெரியவில்லை. மீந்ததை நாய்க்கு ஊற்றினேன்.

சுகாதார நிலையத்தில் கூப்பிட்டார்கள். யானைக்கால் மாத்திரை வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை குப்பம் முழுக்கக் கொடுக்கணும். வழக்கம்போல் நான்தான்.

10, செவ்வாய்

தம்பி போன். கிட்னி பாதிதான் வேலை செய்கிறதாம். மாசக்கணக்காகப் பால் மாதிரி மூத்திரம். உடம்புச் சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டு என்னிடம் மறைத்திருக்கிறார் மனுஷன். யானைக்கால் புழுவோ என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். கால் வீங்காமலே உள்ளே கிடக்குமாம், சிலருக்குக் கிட்னியையும் கெடுக்குமாம்.

யாரிடம் சொல்ல? அவருக்கு நான் மாத்திரை கொடுத்ததே இல்லை. போட்டால் சிலருக்குக் காய்ச்சல் வரும். முதல் வருஷம், மறுநாள் எங்கள் பாடு: ஏரியில் எங்கள் முறைக்கு வலை கட்டும் நாள். விட்டால் அடுத்த முறை வரை சும்மா உட்காரணும். "அப்பால போட்டுக்கலாம்"னு நானே சொல்லி, போட்டதாக விரலில் மை வைத்தேன். அடுத்தடுத்த வருஷம் அவரே விரலை நீட்டினார், நானும் வைத்தேன். ஊரை மட்டும் மிரட்டி விழுங்க வைத்தேன். பாவி நான்.

11, புதன்

பொன்னேரி பஸ், அப்புறம் ரயில். வருஷா வருஷம் மாத்திரை போட்டாரா என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்:

"தவறாம போட்டுகீறேன் டாக்டர். என் சம்சாரந்தான ஊருக்கே குடுக்குது."

அப்படியானால் வேறு காரணம் பார்க்கணும் என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திரும்பும் ரயிலில் அழுகை. எதிர் சீட்டுப் பெண் பார்த்தும் பார்க்காத மாதிரி.

12, வியாழன்

மறுபடி போனேன். சொல்லிவிட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "உன் மானம் போவக் கூடாதுன்னுதான் பொய் சொன்னேன். இனிமே எவன் நீ குடுத்து முழுங்குவான்?" பார்வை நேரம் முடியும்வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நாளை மாத்திரை. வீட்டுக்கு வீடு நடந்ததைச் சொல்லித்தான் கொடுக்கப் போகிறேன். முதல் வீடு, அவரைப் பெற்றவள் வீடு.