உப்புத்தாள் போட்ட பல்சாவி

மே 6, செவ்வாய்

அந்தக் காலத்தில் பல் பிடுங்கிய கருவி, என் பல்சாவி, அதை ஜாபெஸ் பாழாக்கிவிட்டான். தம்பி மகன் என்பதற்காக இதை வேறு விதமாக எழுதப் போவதில்லை.

திருவிழாக் கண்காட்சிக்கு என்று இரவல் வாங்கிப் போனான். துடைக்காதே, அப்படியே வை என்று சொல்லித்தான் கொடுத்தேன். கொடியேற்றத்துக்கு முன்னால் கோயிலின் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைப் பெண்கள் புளி போட்டுத் தேய்ப்பது வழக்கம். அந்தப் புளித்தண்ணீர் அண்டாவில் அவன் மனைவி ஈவ்லின் இதையும் ராத்திரி முழுக்க ஊறப் போட்டிருக்கிறாள். துரு போகவில்லையாம், இவன் உப்புத்தாள் போட்டு இழைத்திருக்கிறான். கொம்புக் கைப்பிடி பிளந்துவிட்டது. சாவியின் தண்டில் அதைச் செய்த பட்டறைக்காரனின் முத்திரை இருந்தது. இப்போது இல்லை. அது எங்கே பிறந்தது என்று சொல்ல இருந்த ஒரே சாட்சி.

"பளபளன்னு ஆயிருச்சு பாருங்க பெரியப்பா" என்றான். பாராட்டுக்காக வேறு நின்றான்!

மே 7

கண்காட்சி நடக்கும் பங்குக்கோயில் மண்டபத்துக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. பல்சாவிக்குக் கீழே அட்டை: "வெள்ளைக்காரன் காலத்துச் சித்திரவதைக் கருவி. குற்றவாளிகளின் பல்லைப் பிடுங்க."

குற்றவாளியாம். பல்வலிக்காரனுக்கு வைத்தியம் பார்த்த சாமான் அது. கொக்கியைப் பல்லில் மாட்டி, குமிழை ஈறில் ஊன்றி, பூட்டுத் திறப்பதுபோலத் திருப்புவார்கள். பல் பக்கவாட்டில் சாய்ந்து வரும். சில சமயம் தாடை எலும்பில் ஒரு சில்லும் சேர்ந்து வரும். அதனால்தான், ஒவ்வொரு பல்லின் கழுத்துக்கும் பொருந்துகிற குறடுகள் வந்ததும் இதை ஓரங்கட்டினார்கள். எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது பழைய இரும்போடு கொட்டியிருந்ததைப் பொறுக்கி வந்து, இங்கிலீஷ் புத்தகங்களை அகராதியும் கையுமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். இவன் இன்ஜினியர். கைப்பேசியில் தேடக்கூட முடியவில்லை.

அட்டையை மாற்று என்றேன்.

"சனங்க இதைத்தான் நின்னு பாக்குறாங்க பெரியப்பா. பல்வலின்னு எழுதுனா எவன் பாப்பான்?"

டூரிஸ்ட்டுகள் அதன் பக்கத்தில் வாயைப் பிளந்து நின்று படம் எடுக்கிறார்கள். அட்டையை மாற்றி, என் வாசலுக்கு வந்து மன்னிப்பும் கேட்கும்வரை அவனோடு பேச்சில்லை.

மே 9

ஜாபெஸ், ஈவ்லின் இரண்டு பேரும் வரவில்லை. நல்லது.

மே 11, ஞாயிறு

திருவிழாப் பூசைக்கு ஈவ்லினைக் காணவில்லை. மூஞ்சியைக் காட்ட வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பின்வாசலில் வந்து நின்றாள், கன்னத்தில் துப்பட்டாவை அழுத்திக்கொண்டு. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று எழுந்திருக்கவில்லை. துப்பட்டாவை எடுத்தாள். கடவுளே. பாதி முகம் வீங்கியிருந்தது. கீழ்க் கடைவாய்ப்பல். நாலு நாளாக! ஜாபெஸ் சேலத்துக்குப் பல் டாக்டரிடம் கூப்பிட்டிருக்கிறான், இவள் அசையவில்லை.

"அந்தக் கொக்கியெ இந்தக் கையாலதானுங்க மாமா தேச்சேன். அதெ வாயில மாட்டுனா எப்படி இருக்கும்னு நெனச்சா, பஸ்ஸு ஏறவே காலு வர மாட்டேங்குது."

எவன் எழுதிய அட்டை எவளைப் பிடித்திருக்கிறது பார்.

வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கினால் மூச்சையே அடைக்கும் என்று இந்தக் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் தெரியுமா? நான் சேர்த்து வைத்திருக்கும் பெட்டியிலிருந்து பல் குறடு ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பிடிக்கும், அசைக்கும், எடுக்கும், அவ்வளவுதான், அதுவும் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு என்றேன். "பல்சாவியெ இப்ப யாரும் வாயில வெக்கறதில்ல கண்ணு. அந்த மட்டி எழுதுனதப் போயி நம்புனியா?"

சிரிக்கப் போய் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கூட வருவீங்களா மாமா? அவரு வந்தா அவருதான் மயங்கி உழுவாரு."

மன்னிப்பு? கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

நாளைக்கு:

ஜாபெஸ் – காலையில் முதல் வேலையாக அட்டையைக் கிழிக்க வேண்டும். நான் எழுதிக் கொடுப்பதை வைக்க வேண்டும்: "பல்சாவி. பல்வலி தீர்க்கச் செய்தது. இப்போது எங்கும் பயன்படுத்துவதில்லை." முத்திரையை அழித்தவன் பெயரும் அதன் கீழே வர வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஈவ்லின் – கஞ்சி குடித்துவிட்டு வர வேண்டும். வெறும் வயிற்றோடு வரக் கூடாது.

நான் – சேலத்துக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு இடம் பிடிக்க வேண்டும். நாற்காலிக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். டாக்டரிடம் குறடு பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.