கிழக்கே திரும்பிய கேரவன்

என் எல்லாக் குறும்புகளுக்கும் பாதிப் பங்காளியாக இருந்த அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. அம்மா சிரித்துவிட்டாள். கெட்ட செய்தி ஒன்றும் இருக்கிறது. அதை உன்னிடம் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லையாம், என்னிடம் தள்ளிவிட்டாள். உட்கார்ந்துகொண்டு படி. அங்கே நாற்காலியெல்லாம் உண்டா?

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஆவடி குவார்ட்டர்ஸை நாங்கள் காலி செய்தாக வேண்டும். நெமிலிச்சேரியில் நீ வாங்கிப்போட்ட மனையில் இப்போதைக்கு இரண்டு எருமைகள் குடியிருக்கின்றன. உன் செட்டில்மெண்ட் பணத்தில் அங்கே சின்னதாக ஒரு வீடு கட்டலாம். இல்லையென்றால், "ரிட்டயர் ஆனதும் வாங்குறேன் பாரு" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாயே, அந்த மாதிரி ஒரு பழைய சொகுசு கேரவனை வாங்கி, மனையில் நிறுத்தி, அதிலேயே குடியேறலாம். இரண்டில் ஒன்றுதான்.

அம்மா கேரவன் என்று சொல்லிவிட்டாள். ஆமாம், ஆவடியில் பஸ் ஏறினால் அம்பத்தூர் வருவதற்குள் வாந்தி வந்து ஜன்னலைத் தேடும் அதே அம்மாதான்! "அவரு ஆசைப்பட்டாரு" என்றாள். உன்னைச் சாட்சிக்கு இழுத்துவிட்டால் யார் என்ன எதிர்த்துப் பேசுவது? உண்மையைச் சொன்னால், அம்மாவைவிட எனக்குத்தான் அது அதிகம் வேண்டியிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம். முகப்பேரிலிருந்து சீனு மாமா காரில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். உன் மச்சினன் மாறவேயில்லை. வாஸ்துப்படி ஃபிரிட்ஜை நகர்த்தி, ஃபிரிட்ஜுக்காக டிவியை நகர்த்தி, இப்போது அவர் வீட்டில் கிரிக்கெட் பார்க்க வேண்டுமென்றால் பாத்ரூம் வாசலில்தான் நிற்க வேண்டும்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம், கிடங்குகளுக்கு நடுவில் ஒரு காலி இடத்தில் அது நின்றது. சினிமா ஷூட்டிங்குக்கு வாடகை ஓடி ஓய்ந்த பஸ். விற்பவர் பெயர் குமார். "வாங்க மேடம்! இது பஸ்ஸுன்னு நெனச்சிக்காதீங்க. பங்களா. பங்களாவுக்கு ஆறு வீலு கீது, அவ்ளோதான்" என்றார்.

உள்ளே போனால் அசந்துவிடுவாய். தேக்கு அலமாரி, அடுப்படி, படுக்கை, மேக்கப் போடக் கண்ணாடியைச் சுற்றிப் பன்னிரண்டு பல்பு. ஏசி ஜில்லென்று இருந்தது. அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மெத்தையைத் தடவிப் பார்த்து, "அவரு கால் நீட்டிப் படுக்கலாம்" என்றாள். கேட்டாயா? படுக்கலாமாம். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நிமிடம் அம்மா பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். அப்பா, வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது!

நான் வெளியே வந்தேன். வந்ததும் உன் ஞாபகம். எனக்குப் பழைய ஸ்கூட்டி வாங்கப் போனபோது என்ன செய்தாய்? விற்கிறவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே அனுப்பிவிட்டு, வண்டியை நைசாகத் தள்ளி வைத்து, அது நின்ற தரையில் சொட்டியிருந்த எண்ணெயைப் பார்த்தாய். "வண்டி பொய் சொல்லும்டி, தரை சொல்லாது." அந்த ஆள் சொம்போடு வருவதற்குள் நாம் தெருமுனையில் இருந்தோம்.

இங்கே பஸ்ஸுக்கு அடியில் மட்டும் புத்தம்புது எம்-சாண்ட் மணல் பரப்பியிருந்தது. சுற்றிலும் கட்டாந்தரை. பஸ்ஸை எப்படித் தள்ளி வைப்பது? நாற்பது பேருக்குத் தண்ணீர் கேட்டாலும் முடியாதே!

அப்போதுதான் மாமாவைப் பார்த்தேன்.

"மாமா, இந்த வாசப்படி தெக்கு பாத்து இருக்கு. பரவால்லையா?" என்றேன், குழந்தை முகம் வைத்துக்கொண்டு.

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. செல்போனில் திசைகாட்டியைத் திறந்தார். "அக்கா! எறங்கு! கையெழுத்துப் போடாத!"

குமார் தலையில் கை வைத்தார். "சார், இன்னா சார் நீங்க? பஸ்ஸுக்குப் போயி வாஸ்து பாத்துகினு! பூந்தமல்லில ஒரு வளைவு வளைச்சா வாசல் வேற பக்கம் பூடும் சார்!"

"அதெல்லாம் அப்புறம். பேசி முடிக்கிற நேரத்துல வாசல் எங்க பாக்குதோ, அதான் ஜாதகம். கிழக்கே திருப்புங்க."

"திருப்பணுமா? இப்பவா?" குமாரின் குரலில் பங்களா கொஞ்சம் ஆட்டம் கண்டது. "ஊட்டுக்குப் போயி திருப்பிக்கலாமே சார்."

"திருப்பினாதான் ஊட்டுக்கு" என்றார் மாமா. வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு அவர் ஹீரோவாகத் தெரிந்தார்.

குமார் ஏறினார். நாலாவது தடவைதான் இன்ஜின் உறுமியது. சொகுசில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுமோ, அது சைலன்சரிலிருந்து கருப்பாக வந்தது. பஸ் முனகிக்கொண்டே வளைந்தது. வளையும்போது அடியிலிருந்து அப்பளம் அப்பளமாகத் துரு உதிர்ந்தது. வாசல் கிழக்கே பார்த்ததும் இன்ஜின் அணைந்தது. பிறகு எத்தனை தடவை சாவி போட்டும் பேசவில்லை.

பஸ் நின்ற இடத்தில் மணல் மட்டும் கிடந்தது. செருப்பால் கிளற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கால் வரவில்லை, அப்பா. கிளறாமல் விட்டால் உன் கேரவனில் குடியிருக்கலாம், கொஞ்ச நாளாவது. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டுக்கொள்ளவே வேண்டியிருக்கவில்லை. அதுதான் கடுப்பு. கிளறினேன். இரண்டு விரல் ஆழத்தில் கருப்பு எண்ணெய்ச் சேறு.

அம்மா பக்கத்தில் வந்து பார்த்தாள். உன்னோடு இருபது வருஷம் குடித்தனம் பண்ணியவள், யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "தெக்கு வாசல்னு கெளப்பிவிட்டது நீதானே?" என்றாள். திட்டப்போகிறாள் என்று இரண்டடி பின்னால் போனேன். குமார் மறுபடி சாவியைத் திருகினார். இன்ஜினுக்குப் பதில் ஹார்ன் அலறியது, பாம்ம்ம் என்று, நிற்கவே இல்லை. மாமா பயந்துபோய் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா சிரித்தாள். எலுமிச்சம்பழம் கையிலிருந்து உருண்டு போக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. முடித்துவிட்டு முந்தானையால் முகம் துடைத்து, "உங்கப்பாகிட்ட யாருடி சொல்றது?" என்றாள்.

"நான் சொல்லிக்கிறேம்மா" என்றேன்.

சொல்லிவிட்டேன். கேரவன் இல்லை, அப்பா. வீடுதான். கோபமா?

வெறுங்கையோடு திரும்பவில்லை. அந்த ஹார்னை மட்டும் குமாரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். "இத்தையாவது எடுத்துக்கினு போ தாயே" என்று அவரே கழற்றிக் கொடுத்தார். நெமிலிச்சேரி வீட்டுக்கு அதுதான் காலிங் பெல், இது சத்தியம். எருமைகள் காலி செய்கின்றனவா இல்லையா பார். வாசல் கிழக்கா மேற்கா என்று மாமா முடிவு செய்யட்டும். எப்போது வந்தாலும் நீ அழுத்து, நான் முன்னால் ஓடி வந்து திறக்கிறேன். அம்மா பின்னால் எலுமிச்சம்பழத்தோடு வருவாள்.

உன் கூட்டுக் களவாணியும் ஒரே மகளுமான
மதி