இரண்டரை டிகிரி

என்றைக்காவது கேப்டனாகியே தீரவேண்டிய அக்காவுக்கு,

சில்வண்டு எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்றால் நீ நம்பமாட்டாய். அம்மா எல்லாவற்றிலும் இரண்டு தடவை உப்புப் போடுகிறாள். அப்பா ஒரு தடவைகூடக் குறை சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

போனில் என் குரல் கேட்டாலே அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கூடவே இரண்டு தாள் வைத்திருக்கிறேன். முதலில் இதைப் படி.

அப்பா மெக்கானிக் மூளையோடு எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். எனக்குச் சரியாகப் புரிந்திருக்கிறதா பார். முப்பத்தேழாயிரம் அடியில், வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் மூன்று குழாயையும் கேட்குமாம். இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவதை ஒதுக்கிவிடுமாம். மூன்றும் மூன்று விதமாகச் சொன்னதும் ஆட்டோபைலட் கையை விரித்துவிட்டது, இனி நீங்களாச்சு என்று. டிவி ரிமோட் சண்டையில் அம்மா செய்வதும் இதேதானே என்றேன். அப்பா சிரிக்கவில்லை. அப்போது விமானம் உன் கையில். மூக்கை இரண்டரை டிகிரியில் பிடித்து, இன்ஜினை அதற்கேற்ற அளவில் வைத்து, பனி உருகும்வரை சும்மா இருந்திருக்க வேண்டும். நீ ஐந்துக்குத் தூக்கினாய். விமானம் ஏறி, வேகம் இழந்து, குலுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த கேப்டன் கட்டுப்பாட்டை வாங்கி மூக்கை இறக்கினார். எல்லாரும் பிழைத்தார்கள். ஒரு பணிப்பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது.

வியாழக்கிழமை விசாரணையில், பதற்றத்தில் தூக்கிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விடப்போகிறாயாம். அம்மா சொன்னாள்.

நீயா பதறுகிற ஆள்? நீ பல் தேய்க்கும்போது நான் கதவுக்கு வெளியே நின்று அபாய மணி மாதிரிக் கத்துவேன். நீ வாய் நிறைய நுரையோடு, "ஆட்டோபைலட் போச்சு, மூக்கு இரண்டரை" என்று ஒப்பிப்பாய். ஒரு நாளும் பிசகியதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு தடவை உன்னை ஜெயித்துப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

இந்த அளவுகளை எழுதிக் குளியலறைக் கண்ணாடியில் நீ ஒட்டியிருந்த அட்டையை எடுத்துவிட்டு, உன் கையெழுத்திலேயே வேறொன்று எழுதி ஒட்டினேன். இரண்டரை இருந்த இடத்தில் ஐந்து. அன்றைக்கும் நீ இரண்டரை என்றாய். தப்பு, அட்டையைப் பார் என்றேன். பார்த்தாய். நெற்றியைச் சுருக்கினாய். "இத்தனை நாளா தப்பாவா சொல்லிட்டிருந்தேன்" என்றாய். ஐந்து, ஐந்து என்று முணுமுணுத்துக்கொண்டே ஷூவை மாட்டினாய். நீ திரும்பி வந்ததும் போட்டு உடைக்கலாம் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அந்த விமானம்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அக்காவைக் காப்பாற்ற நீ ஜோடிக்கிற கதை என்கிறார். பதினைந்து வருஷம் புளுகினவள் திடீரென்று உண்மை பேசினால் யார் நம்புவார்கள்? அதற்குத்தான் அந்தத் தாள்கள். ஒன்று, நீ எழுதிய நிஜ அட்டை. என் வேதியியல் புத்தகத்துக்குள் இருந்தது. இன்னொன்று, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். உன் ஐந்தின் வளைவு சரியாக வரும்வரை எழுதிப் பழகினது. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று இருக்கிறது. பொய் அட்டை இன்னும் கண்ணாடியில்தான். அம்மாவைத் தொடவிடவில்லை. விசாரணைக்காரர்கள் வந்து பார்க்கட்டும்.

சந்தேகம் வந்தவுடன் கையேட்டைப் புரட்டியிருக்கலாமே என்று உன்னைக் கேட்பார்கள். அது உன் பங்கு. என் பங்கையும் சேர்த்து நீ தூக்காதே.

ஒருவேளை அந்த நேரத்தில் உனக்கு அட்டை ஞாபகமே வரவில்லை என்றால் அதையும் சொல். என்னைச் சமாதானப்படுத்துவதற்காக மட்டும் சொல்லாதே. நம் இரண்டு பேரில் ஒருத்தியாவது புளுகாமல் இருக்க வேண்டும்.

திட்டு. பேசாமல் இரு. ஆனால் வியாழக்கிழமை இந்தத் தாள்களோடு உள்ளே போ. பிறகு வீட்டுக்கு வா. நீ பல் தேய்க்கும்போது கதவுக்கு வெளியே ஒரு சத்தமும் இருக்காது. நான் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன், நீயாக மறுபடி கத்தச் சொல்லும்வரை.

நீ மறுபடி பறக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்காத,
சில்வண்டு