சுவர்ப் பக்கம் திருப்பிய நாற்காலி

அன்புள்ள அத்தைக்கு, உங்கள் மருமகள் எழுதுவது. முட்டிவலி தேவலையா? நாங்கள் நன்றாக இருக்கிறோம், கவலைப்படாதீர்கள்.

உங்கள் மகன் இறந்த வாரம், பாப்பா வகுப்பில் "அப்பா வேணும்" என்று தமிழில் அழுதாள். இங்கே நம் பாஷை கூடாதென்று டீச்சர் அவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். நான் மறப்பேனா?

நேற்று பள்ளிக்கூடத்தில் விழா. எல்லா நாட்டுப் பிள்ளைகளின் அம்மாக்களும் அவரவர் பாஷையில் பேச வேண்டுமாம். துக்கத்தில் இருக்கிற என்னையும் பட்டுச்சேலையில் வரச் சொன்னாள் அந்த டீச்சர். "எதையாவது பேசுங்க, யாருக்குப் புரியப்போகுது? கேக்க அழகா இருக்கும்" என்றாளாம், பாப்பா வந்து சொன்னாள்.

போனேன். மேடையேறி அந்த நாற்காலிக் கதையைச் சொன்னேன். டீச்சர் சிரித்துக் கை தட்டினாள்.

"பாப்பா, இப்ப இவங்க பாஷையில சொல்லுடி" என்றேன். ஒரு சொல் விடாமல் சொன்னாள். டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு மன்னிப்புக் கேட்க வந்தாள். "தமிழ்ல கேக்கச் சொல்லு" என்றேன் பாப்பாவிடம். டீச்சருக்கு நாக்கு புரளவில்லை, இன்னும் பழகுகிறாள். பழகட்டும், எனக்கென்ன அவசரம்?

லீவில் வந்தபோது அவர் அங்கே விட்டுவந்த சட்டையை அனுப்புங்கள் அத்தை. துவைக்காதீர்கள். இங்கே இருந்ததையெல்லாம் புத்தியில்லாமல் துவைத்துவிட்டேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.