கப்பலுக்குச் சொல்லாத வழி

ஸ்கார்வோய்,
1934 ஜூன் 20

அன்பு மகன் ஹால்வார்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நான், அப்பா, உன் தங்கை யோருன், பசு இரண்டு, ஆடு பதினொன்று, எல்லோரும் இங்கே சுகம். சியாட்டிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று உன் ஏப்ரல் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம், ஆனால் அந்த இருமலைப் பற்றி நீ ஒரு வரியோடு நிறுத்திவிட்டாய், அடுத்த கடிதத்தில் முழுதாக எழுது. கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. பிப்ரவரியில் படகுத்துறைப் பாசியில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது, கட்டு பிரித்தாகிவிட்டது, விரல்கள்தான் இன்னும் பேனா பிடிக்க மறுக்கின்றன. நான் சொல்லச் சொல்ல யோருன் எழுதுகிறாள். நீ அமெரிக்கா போன வருடம் அப்பாவின் படகில் துடுப்புப் போட ஆள் இல்லாமல் பதிமூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்து மட்டும் அழகாகவே வைத்திருக்கிறாள், வாய்தான் இன்னும் திறப்பதில்லை. இன்றைக்கு அவளைப் பற்றித்தான் நிறையச் சொல்லப்போகிறேன். இப்போதே முகம் சிவந்துவிட்டது.

கை முறிந்த அன்றைக்கு அப்பாவும் யோருனும் என்னைப் படகில் கிடத்தி டாக்டர் இருக்கும் ஊருக்கு ஆறு மணி நேரம் துடுப்புப் போட்டார்கள், பனி கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்த பிறகுதான் ஊரில் எல்லோரும் கப்பலைப் பற்றி மறுபடி பேச ஆரம்பித்தார்கள். வாரம் இரண்டு முறை நம் தீவைத் தாண்டிப் போகிற அந்தத் தபால் கப்பல் நம் துறைக்குள் வர மாட்டேன் என்றே இத்தனை வருடம் சொல்லிவந்தது. உள்ளே வரும் பாதை அச்சான கடல் வரைபடத்தில் இருந்தால்தான் வருவேன் என்பது கேப்டனின் பேச்சு. அதற்காகத்தான் போன இலையுதிர் காலத்தில் லிண்ட் என்று ஒரு வரைபட அதிகாரி வந்து நான்கு நாள் வாத்தியார் வீட்டில் தங்கினார். நல்ல மனிதர், ஈரல் குழம்பை மூன்று தட்டு சாப்பிட்டார். ஒவ்வொரு வீடாகப் போய் இந்தப் பாறைக்கு என்ன பேர், அந்தத் திட்டு எங்கே முடிகிறது, எதற்கு நேராக எதை வைத்து உள்ளே வருவீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். எல்லோரும் காப்பி கொடுத்து மரியாதையாகப் பதில் சொன்னார்கள்.

வரைந்த படம் மே மாதம் வந்தது, தப்பு இருந்தால் சனிக்கிழமைத் தபாலுக்குள் திருத்தி அனுப்புங்கள், அதற்குப் பிறகு அச்சுக்குப் போய்விடும் என்று ஒரு கடிதத்தோடு. கடைச் சுவரில் ஒட்டினார்கள். முதலில் ஒரே சிரிப்பு. வடக்குப் பக்கத்து நான்கு பாறைகளுக்கும் உன் எலியாஸ் பெரியப்பாவின் நான்கு பசுக்களின் பேர். அந்த மனிதர் கேட்டுக்கொண்டே இருந்தார், சட்டென்று வேறு பேர் வாயில் வரவில்லை என்றார் பெரியப்பா. பிறகு உன் அப்பா கப்பல் உள்ளே வருவதற்கு என்று புள்ளி வைத்த கோட்டின் மேல் விரலை வைத்து ஓட்டினார், பாதியில் விரல் நின்றது, தொப்பியைக் கழற்றிவிட்டார். கோடு நேராகக் கிழவியின் தலைமேல் போகிறது. வற்றுக் கடலில்கூட ஒரு முழத் தண்ணீருக்குக் கீழே ஒளிந்திருக்கிற அந்தப் பாறையை உனக்கு நான் சொல்ல வேண்டுமா. தபால் கப்பல் அந்த வழியில் வந்தால் அடிப்பலகை மிஞ்சாது.

என்ன நடந்ததென்றால், ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பொய் சொல்லியிருக்கிறார்கள். கடலிலிருந்து பார்க்கையில் சர்ச் கோபுரத்தைச் சின்னத் தீவின் கற்குவியலுக்கு நேர் மேலே வைத்தால் கிழவிக்கும் அவள் மகள் என்கிற பாறைக்கும் நடுவே பத்திரமாக உள்ளே வரலாம், ஆனால் அதே கோட்டில் வெளியே போய்க்கொண்டே இருந்தால் பெரிய தட்டைமீன் கிடக்கிற இடம் வந்துவிடுமே, அதை வெளியாளுக்கு யார் காட்டுவார்கள். உன் அப்பா கோபுரத்துக்குப் பதில் பள்ளிக்கூடக் கூரையைச் சொன்னார். பெரியப்பா கற்குவியலுக்குப் பதில் தன் வெள்ளைப் படகுக் கொட்டகையைச் சொன்னார். இரண்டையும் நம்பிச் சேர்த்து ஒரு கோடு போட்டார் அந்தப் பாவப்பட்ட மனிதர். இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. புயலில் கோபுரம் சாய்ந்த வருடம் அதைக் கிழக்கு முனையில் கட்டலாம் என்று அப்போதிருந்த பாதிரியார் சொன்னபோது, பழைய இடத்தில்தான் ஒரு சாண் நகராமல் வேண்டும் என்று உன் தாத்தா காலத்து ஆண்கள் பிடிவாதம் பிடித்தார்கள். எவ்வளவு பக்தி என்று பாதிரியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் கூடினோம். வாத்தியார் மேசைமேல் படத்தை விரித்து, சரியான வழியை யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்றார். எலியாஸ் பெரியப்பா உன் அப்பாவைக் காட்டி, ஆஸ்முண்ட் முதல்ல சொல்லட்டும், பொய் சொல்றதுல அவன்தான் மூத்தவன் என்றார். உன் அப்பா, நான் சொன்னது பொய் இல்லண்ணே, மூடுபனியில பாத்தா அப்படித்தான் தெரியும் என்றார். மூடுபனியில ஒண்ணுமே தெரியாதேடா என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். இப்படியே அரை மணி நேரம். கப்பல் வராட்டி என்ன, இத்தனை நாள் வந்தா கிடந்துச்சு என்றுகூட ஒருவர் ஆரம்பித்தார். எனக்குக் கட்டுக்குள் கை விண்விண் என்று வலித்தது. நானே எழுந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் உன் அப்பாவின் ரகசியத்தை ஊர் நடுவில் உடைக்க இருபத்தாறு வருடக் குடித்தனம் விடவில்லை.

அப்போது யோருன் எழுந்தாள். இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், இதை எழுத மாட்டேன் அம்மா என்கிறாள். எழுதடி, உன் அண்ணனுக்குத் தெரிய வேண்டாமா என்று சொல்லியிருக்கிறேன். ஞானஸ்நான உறுதி எடுத்த அன்றைக்குக்கூடப் பாதிரியார் கேட்ட கேள்விக்குத் தன் செருப்பைப் பார்த்துப் பதில் சொன்ன பெண். காதுவரை சிவந்துபோய் மேசைக்கு நடந்தாள், வாத்தியாரின் பென்சிலையும் அளவுகோலையும் எடுத்தாள், கோபுரத்திலிருந்து கற்குவியல் வழியாகக் கடல்வரை ஒரே கோடு. போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். எலியாஸ் பெரியப்பா எழுந்தே விட்டார், ஏம்மா, நாப்பது வருஷமா நான் ஒளிச்சு வச்ச இடம் உனக்கு எப்படித் தெரியும் என்றார். உன் அப்பா அவர் பக்கம் திரும்பி, நீ ஒளிச்சு வச்சியா, அது என் இடம்ல என்றார். இன்னும் நான்கு பேர் அது எங்கப்பா இடம், எங்க தாத்தா இடம் என்று எழுந்தார்கள். பெரியப்பா மனைவி குன்ஹில்ட் பின்னிக்கொண்டிருந்த காலுறையிலிருந்து தலை தூக்காமல், உக்காருங்க எல்லாரும், அது எல்லாருக்கும் ஒரே இடந்தான், பொம்பளைங்க எங்களுக்கு எப்பவோ தெரியும் என்றாள். தெரியாமல் எப்படி இருக்கும். தூண்டில் கயிறு ஆண்கள் கையில், துடுப்பு எங்கள் கையில். மீன் பிடிக்கும்போது படகு நகராமல் நிற்க வேண்டுமானால் துடுப்புப் பிடிக்கிறவள் கண் கரையை விட்டு நகரக்கூடாது. உன் அப்பாவைக் கட்டுவதற்கு முன் என் அப்பாவுக்கு நானும் அதே கோபுரத்தை அதே கற்குவியல்மேல் வைத்துத்தான் படகை நிறுத்தினேன். மீன் கழுவும்போது நாங்கள் பேசிக்கொள்வதுதான், உங்களிடம் சொல்லி ஏன் சண்டை மூட்டுவது என்று விட்டிருந்தோம்.

உன் அப்பா எழுந்து மேசைப் பக்கம் போனார். படத்தைக் கிழித்துவிடுவாரோ என்று பயந்தேன், யோருன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் அவள் கையிலிருந்து பென்சிலை வாங்கினார். ரொம்ப மெலிசா இருக்கு, கப்பல்காரன் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா என்று சொல்லி, அவள் போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு முறை அழுத்திப் போட்டார். பிறகு பெரியப்பாவிடம் நீட்டினார். பெரியப்பா கொஞ்ச நேரம் பென்சிலையே பார்த்தார், பெருமூச்சு விட்டார், கிழவிக்குச் சரியான இடத்தில் ஒரு சிலுவைக்குறி போட்டார். பசுக்களின் பேரை அழிக்கச் சொன்னதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை, ஒரு மனுஷன் எவ்வளவுதான் விட்டுக்கொடுப்பான் என்றார். அது அப்படியே அச்சாகப்போகிறது.

அச்சாகும் முன்பே, திருத்திய படத்தை வைத்துக்கொண்டு, நேற்று கப்பல் முதல் தடவையாக உள்ளே வந்து பார்த்தது. ஊர் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேப்டன் கேட்டிருந்தார், அப்பா படகில் வெளியே போய் யோருனை ஏற்றிவிட்டார், தான் ஏறவில்லை. கேப்டன் பக்கத்தில் நின்றுகொண்டு உள்ளே வந்து சேரும்வரை அவள் மூன்றே தடவை வாயைத் திறந்தாளாம், கொஞ்சம் இடது, போதும், நேரே. கிழவியைத் தாண்டியதும் கேப்டன் சந்தோஷத்தில் சங்கை ஊதினார், பெரியப்பாவின் பசுக்கள் வேலியை உடைத்துக்கொண்டு ஓடின, குன்ஹில்ட் பெரியம்மா துறையில் நின்று அழுதாள், கேட்டால் காற்றில் தூசி என்றாள். அப்பா தனியாகத் துடுப்புப் போட்டு அரை மணி நேரம் கழித்து வந்தார், வந்ததும் யோருனின் தலையில் தன் தொப்பியை வைத்தார். அவ்வளவுதான், நீயும் அவரை அறிவாய்.

மகனே, இருமலுக்கு மீன் எண்ணெய் தினமும் ஒரு கரண்டி, அங்கே கிடைக்காவிட்டால் எழுது. கம்பளிக் காலுறை நான்கு ஜோடி அனுப்புகிறேன், என் விரல் சரியாக மடங்காததால் ஒரு ஜோடியில் குதிகால் கோணலாக இருக்கும், அதை வேலைக்குப் போடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போ. கல்யாணத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டவர் உன்னையும் உன் படகையும் காக்கட்டும், நல்ல மீனும் நல்ல கூட்டாளிகளும் தரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. நீ ஊருக்குக் கிளம்பும்போது டாக்டர் ஊர்வரை போதும் என்று டிக்கெட் வாங்கிவிடாதே. ஸ்கார்வோய் என்று கேள், அப்படி ஒரு துறையே இல்லை என்று யாராவது சொன்னால் கப்பல் நிற்கும் துறைகளின் புதுப் பட்டியலைப் பார்க்கச் சொல். வெள்ளிக்கிழமை நம் துறையிலேயே ஏறப்போகிற முதல் தபால் பையில் இந்தக் கடிதம் இருக்கும்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா மாரென்

(அண்ணா, மூன்று தடவை இல்லை, நான்கு தடவை பேசினேன். நன்றி என்றும் சொன்னேன். – யோருன்)