புவனேஸ்வரனுக்கு என்ன சொல்வது

செப்டம்பர் 7, ஞாயிறு

முகாமில் இராணுவக் குடும்பங்களுக்கான கூட்டம். மகன் புவனேஸ்வரன் அடுத்த வாரம் கடலுக்கு அப்பால் சபா எல்லைக் காவலுக்குப் போகிறான். மருமகள் வாசுகிக்கு ஏழு மாதம். அவளோடு நான் போனேன். வெள்ளம் வந்தால் எங்கே போவது, கார் ஓட்டுவது யார், என்ன மருந்து வேண்டும் – எல்லாவற்றையும் முன்பே முடிவு செய்யச் சொன்னார்கள். ஒரு பையும் தயாராக இருக்க வேண்டுமாம். மூடா ஆற்று வெள்ளத்தைப் பற்றி வருடா வருடம் பத்திரிகையில் செய்தி எழுதுகிறேன். வீட்டில் அப்படி ஒரு பை இருந்ததில்லை.

மனைவி தேவகி வரவில்லை. "புள்ள கெளம்புற நேரத்துல மூட்டை கட்டி வாசல்ல வைப்பாங்களா? பாஞ்சிர் வெள்ளம் வந்தா பாத்துக்கலாம் லா."

செப்டம்பர் 10, புதன்

நான் தயார் செய்த பையில் வைத்த பிஸ்கட்டைக் காணோம். டார்ச்சின் பேட்டரிகள் டிவி ரிமோட்டில் இருக்கின்றன. தேவகிக்கு ஒன்றும் தெரியாதாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நாளை புவனேஸ்வரன் கிளம்புகிறான். சாப்பிடும்போது ஒன்றே ஒன்று கேட்டான்.

"நல்லதோ கெட்டதோ, அன்னைக்கே சொல்லிடுங்கம்மா."

"துப்பாக்கியோட நிக்கிறவன்கிட்ட இதெல்லாமா சொல்லுவாங்க?"

"போன வருசம் அப்பா நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரியில படுத்திருந்தாரு. நீங்க கோயில் திருவிழாவுக்குப் போயிருக்காருன்னு சொன்னீங்க. பக்கத்து வீட்டு ஜெயகுமார் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சது. அதிலேருந்து நீங்க 'நல்லா இருக்கோம்'னு சொன்னாலே எனக்குத் தூக்கம் வர்றதில்லம்மா."

தேவகி அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள்.

அக்டோபர் 11, சனி

காலையில் தண்ணீர் சாலைக்கு வந்துவிட்டது. பையைத் திறந்து பார்த்தேன். வாசுகியின் கர்ப்பப் பதிவுப் புத்தகம், என் மாத்திரைகள், எல்லாம் இருந்தன. டார்ச்சும் எரிந்தது. பேட்டரியைத் திரும்பப் போட்டது யார் என்று நான் கேட்கவில்லை.

பள்ளி மண்டபத்தில் தங்க வைத்தார்கள். அங்கிருந்த தாதி வாசுகிக்கு இரத்த அழுத்தம் ஏறியிருப்பதாகச் சொல்லி, சுங்கைப் பட்டாணி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது. தாயை மட்டும் சில நாள் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

பத்திரிகைக்கு நான்கு வரி அனுப்பினேன். எங்கள் வீடு அதில் இல்லை.

"அவன்கிட்ட சொல்லாதீங்க. மொதல்ல தண்ணி வடியட்டும்" என்றாள் தேவகி.

நானும் யோசித்தேன்: சொல்லித்தான் என்ன ஆகப்போகுது? கடலைத் தாண்டியா வருவான்? சொல்லலைன்னா – எங்க தெரு படமெல்லாம் பேஸ்புக்ல போய்க்கிட்டு இருக்கு. அவன் பார்க்காமலா இருப்பான்? கைபேசியை எடுத்து அவன் எண்ணைத் தேடினேன்.

மருத்துவமனைக் கட்டிலில் இருந்து வாசுகி சொன்னாள்: "அத்தே, நீங்களே சொல்லுங்க. நான் பேசினா அழுதுருவேன்."

தேவகி கைபேசியை வாங்கினாள். குரல் பதிவு.

"ஐயா, அம்மா பேசறேன். வீட்டுக்குள்ள முட்டி அளவு தண்ணி. வாசுகி ஆஸ்பத்திரியில இருக்கா, பிரஷர் ஏறிடுச்சு. வயித்துல புள்ள நல்லாருக்கு. எனக்குத்தான் பயமா இருக்கு. அவ்வளவுதான்யா."

அதில் நான் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

புவனேஸ்வரனின் பதில் வந்தது. எங்கள் செய்தியை மேலதிகாரியிடம் சொல்லிவிட்டானாம். அவர் இங்குள்ள முகாமுக்குப் பேசினாராம். மதியம் முகாமிலிருந்து இரண்டு பெண்கள் வந்து வாசுகியோடு உட்கார்ந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவ ஆள் வரும் என்றார்கள். அழுத்தம் இறங்கியிருக்கிறது.

தேவகி நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள்.

நவம்பர் 6, வியாழன்

பேத்தி பிறந்திருக்கிறாள். கொஞ்சம் மஞ்சள் காமாலை. நீல விளக்கின் கீழ் கிடத்தியிருக்கிறார்கள். தேவகியே மகனை வீடியோவில் கூப்பிட்டாள். விளக்கைக் காட்டினாள், டாக்டர் சொன்னதைச் சொன்னாள், கண் கட்டியிருப்பது எதற்கென்றும் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"சரிம்மா. நீங்க சாப்பிட்டீங்களா?"

அவன் பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே பதில்தான்: "சாப்பிட்டாச்சு." இன்று மாற்றிச் சொன்னாள்.

"இல்லடா. காலையிலேருந்து ஒன்னும் சாப்பிடல, பசி உயிரு போகுது. உங்கப்பா ரொட்டி சானாய் வாங்கப் போறாரு."

நான் போகிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். கார் சாவியை எடுத்தேன்.